கொடிமரத்தடியில் சொன்ன பெயர்

புதுநன்மை வாங்கிய வருஷம் என்னோடு வெள்ளை உடுப்புப் போட்டு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் நடுவில் நிறுத்தி விளக்க வேண்டிவரும். உங்களுக்கு அந்த உடுப்பின் கஞ்சி வாசனை தெரியும். தலையில் வைத்த பிளாஸ்டிக் பூமுடி காதுக்கு மேலே கீறியது தெரியும். நம்மில் ஒருத்தன் முதல்முதலாக நாக்கில் வாங்கிய நன்மை அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று வாய்க்குள் விரலை விடப் போனதும், உபதேசியார் தூரத்தில் நின்றபடியே ஒரு பார்வையில் அவன் கையைக் கீழே இறக்கியதும் உங்களுக்கு மறந்திருக்காது. அவனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. நமக்கெல்லாம் வயதாகிவிட்டது.

போன வாரம் நம்முடைய வாட்ஸப் குழுவில் என் மகளுக்காகச் செபிக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். எல்லோரும் கைகூப்பிய படம் அனுப்பினீர்கள். ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: “உன் சித்திக்கு அன்னைக்கு வந்ததுதான் ஒம் மவளுக்கும் வந்திருக்கு மக்கா. பேசாம அங்கெ கொண்டு போ. சித்தி சொகமானத நாம எல்லாரும் கண்ணால பாத்ததுல்லா.”

அவள் நல்ல மனதோடுதான் எழுதினாள். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாம் கண்ணால் பார்த்தது என்ன என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மகளைப் பற்றி. பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே இருந்தவரை கோவிலில் பாடுவாள். விடுமுறைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். என்ன மக்கா என்று கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்பாள். பிறகு அதையும் சொல்வதில்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மனச்சோர்வு, மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றார். மார்த்தாண்டத்திலுள்ள எங்கள் வீட்டில் அவசரப்படாமல் இருக்க யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் செபக்குழுவை வரவழைத்தார். அவர்கள் முன்னறையில் கைதட்டிப் பாடத் தொடங்கியதும் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

குழுவை நடத்துகிற பெண் என்னை அடுக்களைக்குள் கூட்டிப் போனாள். “டீச்சர், இது பிசாசுக்க அட்டாக்காக்கும். நல்லா செபிக்கிய பிள்ளையளத்தான் அவன் டார்கெட் பண்ணுவான். குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கவன அவனுக்கு என்னத்துக்கு? அவன் ஏற்கெனவே அவனுக்க ஆளுல்லா.”

“அப்பம் கர்த்தரு பாத்துக்கிட்டா இருக்காரு?” என்று கேட்டேன்.

“அவரு அனுமதிக்காம ஒண்ணும் நடக்காது டீச்சர். யோபுவப் பாருங்க. கடைசில எல்லாம் ரெட்டிப்பாக் கெடச்சுதுல்லா. பிள்ளையளும் கெடச்சுது.”

யோபுவுக்குப் பிறகு கிடைத்தது வேறு பிள்ளைகள். முதலில் செத்தவர்கள் செத்தவர்கள்தான். தேங்காய் திருகிக்கொண்டிருந்தேன், திருகிக்கொண்டே இருந்தேன்.

பிசாசு இல்லை என்று சொல்கிற ஆளில்லை நான். அது உங்களுக்குத் தெரியும். நாம் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அவர்கள் சொல்வது சரியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துபோய்த்தான் இருக்கிறேன். அந்தப் பயத்தோடுதான் நாம் புதுநன்மை வாங்குவதற்கு முந்தின அந்தத் தவசு காலத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

*

அந்தத் தவசு காலத்தில் நமக்கு ஞானோபதேசம் கோவிலுக்குத் தெற்கே பூவரச மரத்தடியில் நடந்தது. கடியப்பட்டணத்துக்கு மேற்கே, கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணலே உள்ள ஊர் நம்முடையது. மத்தியானத்து மணல் சுடும். செருப்பில்லாமல் போய் பூவரசின் நிழலுக்குள் குதிப்போம். மீன் காயப்போடும் வாடிப்பக்கமிருந்து கருவாட்டு வாடை வரும்போது காற்று திரும்பிவிட்டது என்று தெரியும். உபதேசியார் சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பா வைத்திருப்பார். கேள்வி கேட்பதற்கு முன்பு ஒரு சிட்டிகை, நாம் பதில் சொன்ன பிறகு ஒரு தும்மல். பதில் சரியா தப்பா என்று தும்மலை வைத்தே நாம் கண்டுபிடித்துவிடுவோம்.

நல்லவர்களைப் பசாசு சோதிக்கச் சர்வேசுரன் ஏன் விடுகிறார் என்பது அந்த வருஷத்துப் பாடங்களில் ஒன்று. உபதேசியார் மூன்று விரலை மடக்குவார். தாழ்ச்சி வர, திடன் வர, மோட்சத்தில் மேலான பலன் வர. நாம் ஒரே ராகத்தில் பாடுவோம். இன்றைக்கு யாராவது என்னை உலுக்கிக் கேட்டாலும் அந்த ராகத்தோடுதான் எனக்கு வரும்.

நான் எழுந்து கேட்டேன். அப்போது பக்கத்து வீட்டில் சித்திக்கு இதேபோலத் தொடங்கியிருந்தது. “எங்க சித்திய சோதிக்க விட்டதும் சர்வேசுரனா?”

மற்ற எல்லோரும் சிரித்தீர்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. கடற்கரையைக் காட்டினார். அங்கே கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளம் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட, கரையில் நிற்கிறவர்கள் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு பாட்டுப் பாடி இழுப்பார்கள்.

“அந்தா பாரு. கயிறு எங்கெயோ தூரமாப் போவுது. கடலுல போற வழி தெரியுதா? தெரியல்ல. ஆனா மறுமுனை கரையில நிக்கவன் கையில. அவனுக்குத் தெரியும் எவ்வளவு விடணும், எப்பம் இழுக்கணும்னு. சர்வேசுரன் அப்பிடியாக்கும் விடுதாரு. வெளங்கிச்சா மக்கா?”

விளங்கியது. அதைவிட நன்றாக விளங்கிய பதில் எனக்கு வாழ்க்கையில் வேறு கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது தைரியமாகப் போனேன்.

*

சித்தி, என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலை வேலிதான். சாயங்காலம் எங்கள் தெருவின் செபமாலையைச் சித்திதான் முன்னின்று சொல்வாள். அவளுக்கு நல்ல குரல். பிரார்த்தனை நீட்டிச் சொல்லும்போது, அடுப்பை விட்டு வர முடியாத பெண்கள் அந்தந்த வீட்டுக்குள்ளிருந்தே “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் கொடுப்பார்கள். தெருவே ஒரு வீடு மாதிரி இருக்கும்.

அவளுக்கு வயிறு பெருத்திருந்த நாட்களில் நான்தான் துணை. வள்ளங்களின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலி கிள்ளுவாள். விரலில் செதில் மினுங்கும். ஒருநாள் சொன்னாள்: “பிள்ளைக்கு உபதேசியாரு ஏதாவது அர்ச்சிஷ்டவரு, புனிதரு பேரு சொல்லுவாரு. அது கோவிலுக்கு. வீட்டுல கூப்பிட நான் ஒரு பேரு வெச்சிருக்கேன். ஒனக்கு மட்டும் சொல்லுதேன், அம்மைகிட்ட சொன்னியன்னா சிரிப்பா.”

“என்ன பேரு?”

“கடல்ராசா.”

நானும் சிரித்துவிட்டேன். அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். “சிரிக்குதியா? வந்து பாரு, ஒன்ன கொண்டயப் புடிச்சி ஆட்டுவான் எம் பிள்ள.”

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாள். அம்மா சிரித்தாள். “ராசாவாம். மொதல்ல மூக்கு ஒழுவாம இருக்கட்டும்.”

பிள்ளை பிறந்தது ஒரு மத்தியானம். என்னை முற்றத்தில் நிற்கச் சொன்னார்கள். ஒரு அழுகை கேட்டது, மெல்லிய அழுகை, கொஞ்ச நேரம். பிறகு பெரியவர்களின் சத்தம். சித்திக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சியும் அம்மாவும் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் வேறு எதற்கும் கை இல்லை. சித்தி மட்டும் கத்திக்கொண்டே இருந்தாள். “பிள்ளைக்கு வெள்ளம் ஊத்துங்க. ஆராவது வெள்ளம் ஊத்துங்க.”

நம்முடைய ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிள்ளை சாகப்போகிறது என்றால் பங்குச் சாமியாருக்குக் காத்திருக்க வேண்டாம், யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். நமக்கே அந்த வார்த்தைகளை உபதேசியார் சொல்லித் தந்திருந்தார். அன்று யாரும் ஊற்றவில்லை. சித்தி பிழைத்தாள்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்க அப்போது விட மாட்டார்கள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் ஒரு இருட்டு இடம் என்று சொல்லித் தந்தார்கள். மதிலுக்கு வெளியே தாழம்புதர் பக்கம் சித்தப்பாவும் உபதேசியாரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். மணி அடிக்கவில்லை. உபதேசியார் எங்கள் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “நான் என்ன செய்ய? சட்டம் அப்பிடியாக்கும்.” கால் கழுவி முடிந்த பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றார்.

*

சித்தி செபமாலைக்கு வரவில்லை. முதலில் தீட்டு என்றார்கள், பிறகு பலவீனம் என்றார்கள். கோவில் மணி அடித்தால் காதைப் பொத்தினாள். சோற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தாள்.

எங்கள் வீட்டில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். நீலக் கிரீடம்தான் மூடி, கிரீடத்தைத் திருகினால் உள்ளே தீர்த்தம். அம்மா அதைக் கொண்டுபோய்ச் சித்தியின் நெற்றியில் தெளித்தாள். பாயில் கிடந்த சித்தி துள்ளி எழுந்து, பாட்டிலைப் பறித்துச் சுவரில் அடித்தாள்.

“இப்பம் ஊத்துதியளா? இப்பம் ஊத்துதியளா? எனக்கா ஊத்துதிய?”

நீலக் கிரீடம் உருண்டு எங்கேயோ போயிற்று. பிறகு அது கிடைக்கவே இல்லை. மூடியில்லாத மாதாவை அம்மா தூக்கிப் போடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் பிடிக்காமல், அரிசிக் கலத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மணிச்சத்தம் ஆகாது. தீர்த்தம் ஆகாது. தெருவிலேயே அதிகமாகச் செபித்தவள். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? உபதேசியார் வாசலில் நின்று சொன்னார்: “செபத்துல நிக்கவளப் பாத்துதான் விழுந்திருக்கு. இவ விழுந்தா தெருவே விழும்னு அதுக்குத் தெரியும்.” அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சித்திக்கு ஒரு மரியாதை செய்கிற மாதிரிச் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்பதைவிட அவருக்கும் அது கேட்க நன்றாக இருந்திருக்கும்.

என் மகள் காதைப் பொத்திக் கத்தியபோது எனக்கு முன்னால் தெரிந்தது அந்தப் பாட்டில்தான். சித்தி கேட்டது இரண்டே கேள்வி. யாரும் அவற்றைக் கேள்வியாகவே காதில் வாங்கவில்லை. என் மகள் என்ன கேட்கிறாள் என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் படித்தவள், டீச்சர், பெற்றவள். தெரியவில்லை.

*

எந்தக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பேர் எழுதவில்லை. அங்கே நன்மை கிடைத்தவர்களும் இருக்கலாம், அவர்களை நான் வாதாட அழைக்கவில்லை.

சித்தியை அங்கே தங்க வைத்து, தவசு காலத்தின் மிச்ச நாள் முழுவதும் அம்மாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் கூட இருந்தார்கள். பாஸ்காத் திருநாள் முடிந்து நாம் புதுநன்மை வாங்கிய அடுத்த நாள் உபதேசியார் நம் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றினார். நேற்றுத்தான் நன்மை வாங்கிய பிள்ளைகள், இவர்களிடம் பாவமே இல்லை, இவர்கள் செபித்தால் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. வெள்ளை உடுப்பை மறுபடியும் போடச் சொன்னார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு கலர் சோடா வாங்கித் தருவதாகப் பேச்சு. வேனில் நாம் பாடிய பாட்டில் பாதி கோவில் பாட்டு, பாதி சினிமாப் பாட்டு.

அந்த இடத்தின் தரை உங்களுக்கு நினைவிருக்கிறதா? நேர்ச்சையாகக் கொட்டின உப்பும் மிளகும் காலுக்கடியில் நெறுநெறுத்தது. தென்னைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, கட்டிப்போட்ட ஒரு ஆள். விளக்கெண்ணெய் வாடையும் கஞ்சி வாடையும். கொடிமரத்தடியில் சித்தி நின்றாள். முடியை வெட்டியிருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. மறுமுனை சித்தப்பாவின் கையில் இருந்தது.

நான் அந்தக் கயிற்றையே பார்த்தேன். உபதேசியார் பூவரசடியில் சொன்னது நினைவுக்கு வந்தது. கையில் பிடித்திருப்பவருக்கு எவ்வளவு விடணும் என்று தெரியுமா என்று பார்த்தேன். சித்தப்பா வெயிலில் கண் கூசி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே ஒரு வழக்கம். உள்ளே இருப்பது யாரென்று கேட்பார்கள். அது தன் பேரைச் சொல்ல வேண்டும். பேர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, போய்விடும். பேர் வராதவரை அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கேட்பதற்கென்றே வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் இருந்தார்.

“ஆரு நீ? பேரச் சொல்லு. எங்கெருந்து வந்த?”

சித்தி பேசவில்லை. இத்தனை நாளும் பேசவில்லை என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மத்தியான மணி அடித்தது, சித்தி காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள், கயிறு இறுகியது. அப்போதுதான் அவள் நம்மைப் பார்த்தாள். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், யாரையோ தேடுகிற மாதிரி.

“கடல்ராசா” என்றாள்.

உபதேசியார்தான் முதலில் பேசினார். “வேதக்காரன் பேரு இல்ல இது. அர்ச்சிஷ்டவரு பேரும் இல்ல. அஞ்ஞானப் பேயாக்கும். கடலுல சுத்துதது.”

பேர் வந்துவிட்டது. கொட்டகைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வேட்டிக்காரர் உரக்கச் சொன்னார்: “கடல்ராசா, போ!” எல்லோரும் சொன்னார்கள். உபதேசியார் நமக்குக் கையைக் காட்ட, நீங்களும் சொன்னீர்கள். வடம் இழுக்கும்போது கத்துகிற மாதிரி ஒரு உற்சாகம். கடல்ராசா, போ. கடல்ராசா, போ. உப்பை அள்ளி அவள் மேல் வீசினார்கள்.

நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். “அம்மா, அது பிள்ளைக்க பேருல்லா.”

அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் எண்ணெயும் மிளகும் மணத்தது. குனிந்து என் காதில் சொன்னாள்: “வாய மூடுட்டி. பேரு வந்துட்டு. இனி அவள வீட்டுக்கு விட்டுருவாவ.”

சித்தி விழுந்தாள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. போயிட்டு, போயிட்டு என்று கூட்டத்தில் சொன்னார்கள். நமக்குக் கலர் வாங்கித் தந்தார்கள். வேனில் எல்லோரும் நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று பார்த்தீர்கள்.

அம்மாவிடம் நான் பிறகு அதைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் என் வாயைப் பொத்தினாள். தங்கையை வெளியே கொண்டுவர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா இப்போது கல்லறைத் தோட்டத்தில், மதிலுக்கு உள்ளே இருக்கிறாள்.

*

சித்தி சுகமானாள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சமைத்தாள், மீன் விற்றாள், பூசைக்குப் போனாள். பக்கக் கதவருகே நிற்பாள், உதடு அசையாது. தெருவில் வேறொருத்தி செபமாலை சொன்னாள், அவளுக்குக் குரல் இல்லை. அடுக்களைகளிலிருந்து பதில் வருவது நின்றுபோனது. சித்திக்கு வேறு பிள்ளை இல்லை. சித்தப்பா வளைகுடாவுக்குப் போனார், வந்தார், போனார், அங்கேயே இறந்தார். வருஷா வருஷம் சித்தி அந்தக் கோவிலுக்கு உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உபதேசியார் சாகும்வரை ஞானோபதேசத்தில் அவளைத்தான் உதாரணம் காட்டினார். சர்வேசுரன் விட்டார், பிறகு இழுத்துக்கொண்டார்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு இளம் சாமியார், அந்த இருட்டு இடமெல்லாம் இப்போது திருச்சபை போதிப்பதில்லை, அந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று என்னிடம் சொன்னார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சித்தியிடம் சொன்னேன். அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்பிடியா?” என்றாள். மீனை அலசிக்கொண்டே கேட்டாள்: “அந்த மதில இடிச்சிட்டாவளா?”

“இல்ல சித்தி.”

“செரி” என்று அடுத்த மீனை எடுத்தாள்.

*

நேற்று என் கணவர் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்று காலையில் மகளை அந்தக் கோவிலுக்குக் கொண்டுபோக வண்டி சொல்லியிருந்தார். மகள் வர மாட்டாள், சித்தி வந்து தன் சாட்சியைச் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தார். அவரும் நொந்துபோயிருக்கிறார். மகளின் அறைவாசலில் தரையில் உட்கார்ந்தே சாப்பிடுகிறவர்.

சித்தி மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள். மகள் சுவரைப் பார்த்தே கிடந்தாள். சித்திக்கு டீ கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சித்தி, நீங்களே சொல்லுங்க” என்றார் கணவர். “நீங்களும் இப்பிடித்தான கெடந்திய? அந்தக் கொடிமரத்துல ஒங்கள விட்டுப் போச்சுல்லா?”

“போச்சு” என்றாள் சித்தி.

“பாத்தியா மக்கா” என்று கணவர் மகளைப் பார்த்தார்.

“எம் பிள்ள போச்சு” என்றாள் சித்தி. “வீட்டுக்குப் போவணும்னா ஒரு பேரு சொல்லணும்னாவ. எங்கிட்ட வேற பேரு இல்ல. அவன் பேரச் சொன்னேன். எல்லாருமாச் சேந்து அவன வெரட்டுனாவ. நானும் ஒவ்வொரு வருசமும் அங்கெ போறேன். ஒருவேள அங்கெயே நின்னுக்கிட்டிருந்தான்னா.”

அவள் அழவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னாள். அந்த உப்பையும் மிளகையும் எதற்குக் கொண்டுபோனாள் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

கணவர் எழுந்து வந்தார். அடுக்களையில் என் பக்கத்தில் நின்று, இரக்கத்தோடுதான் சொன்னார்: “பாத்தியா? சித்திய இன்னும் முழுசா விட்டுப் போவல்ல. பாவம்.”

அவர் மேல் கோபம்கூட வரவில்லை. எந்தக் கதவு வழியாகவும் சித்தி வெளியே வர முடியாது என்று மட்டும் தெரிந்தது. பேசாமலிருந்தால் பேய். பேசினால் அதுவும் பேய். நாளைக்கு என் மகளையும் கயிற்றில் கட்டி, வெயிலில் நிறுத்தி, யார் நீ என்று கேட்பார்கள். அவளுக்கு நான் வைத்த பேர் போதாது என்பார்கள். வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அவளும் தன்னிடமிருக்கிற எதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும், அவளுக்கு ஆகப் பிரியமானதை. அது என்னவென்று எனக்குத் தெரியாது.

அப்போது அறைக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. பல நாளாகப் பேசாத குரல், கரகரத்துப்போய்.

“அவனுக்கு என்ன பேரு வெச்சிருந்திய சின்னப் பாட்டி?”

சித்தி தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். மகள் அதைத் திரும்பச் சொன்னாள், மெதுவாக, பக்கத்தில் யாரோ உறங்குகிற மாதிரி.

நான் வண்டிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். கணவர் கேட்டுக்கொண்டு நின்றார். “என்ன நடந்தாலும் பொறுப்பு ஒனக்காக்கும்” என்றார். ஆமாம் என்றேன். கடவுள் அனுமதித்திருக்கிறார் என்கிறார்கள். இருக்கலாம். என்னால் அனுமதிக்க முடியவில்லை.

இதை நல்ல முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். இன்று காலை மகள் தோசையைத் தொடவில்லை, மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சித்தி கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். மாத்திரை பிடிக்குமா, நான் செய்தது சரியா, ஒன்றும் தெரியவில்லை. முழங்காலில் நிற்கிறேன், மூன்று விரலையும் மடக்கிப் பார்க்கிறேன். தாழ்ச்சி, திடன், மேலான பலன். ராகம் வருகிறது. வேறொன்றும் வரவில்லை. கயிற்றின் மறுமுனையில் யாராவது நிற்கிறார்களா என்று இழுத்துப் பார்க்கக்கூடப் பயமாக இருக்கிறது.

கைகூப்பிய படம் இனி அனுப்ப வேண்டாம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பேரை ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து சொல்லியிருக்கிறீர்கள். இன்று சாயங்காலம் செபம் சொல்லும்போது இன்னொரு தடவை சொல்லுங்கள். நம்மைவிடச் சின்னவன், நம் ஊர்க்காரன், மதிலுக்கு வெளியே கிடக்கிறான். கடல்ராசா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு போ என்று சொல்லாதீர்கள்.